வடக்கே போக மறுத்த வாத்து

ராஜபாளையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், கைப்பேசியைத் திறந்து வாத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தது. அது அடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. எனக்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பெட்டி தூக்கும் வேலை இல்லை.

வாத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாற்பத்தொன்று. மங்கோலியாவில் ஓர் ஏரிக்கரையில் எங்கள் ஆய்வுக்குழு அதைப் பிடித்து, கழுத்தில் வெள்ளைப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டது. பட்டையில் வெயிலில் தானே மின்னேற்றிக்கொள்ளும் ஒரு கருவி. அரை மணிக்கு ஒருமுறை, தான் இருக்கும் இடத்தை அது ஜெர்மனியில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்துக் கணினிக்குச் சொல்லும். வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து நம் கண்மாய்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பங்குனிக்குள் வடக்கே திரும்பிவிடும் இனம். நாற்பத்தொன்று திரும்பவில்லை. போன பங்குனி போனது, அக்னி நட்சத்திரம் போனது, மழை போனது, அடுத்த பங்குனியும் வந்துவிட்டது. அது கூமாப்பட்டிக் கண்மாய்ப் பக்கம் தங்கி, தினம் இரண்டு வேளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"வலசையைக் கைவிட்ட முதல் வாத்து," என்றார் என் பேராசிரியர். சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த ஒரு பறவைதான். அதை எடுத்துவிட்டால் நான்கு வருட உழைப்பில் முன்னுரையும் நன்றியுரையும் மிஞ்சும். ஏட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது.

எங்கள் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர், "அந்தப் பறவையின் புகைப்படம் ஒன்றாவது சேர்க்கலாமே" என்று எழுதியிருந்தார். நியாயமான ஆசை. ஒரு வருடமாக அதைப் பற்றி எழுதிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. "நீதான் போகவேண்டும், உனக்குத்தான் மொழி தெரியும்," என்றார் பேராசிரியர். வாத்தோடு பேசவா என்று நான் கேட்கவில்லை.

கொண்டுவந்தவை: நீண்ட லென்ஸ் மாட்டிய கேமரா, தொலைநோக்கி, முக்காலி, பறவை பயப்படாமலிருக்கப் பச்சை நிறச் சட்டை இரண்டு, மூன்று நாளுக்கான வேலைப் பட்டியல். பட்டியலில் பதினேழு வரிகள். "வாத்து உயிரோடு இருக்கிறதா?" என்ற வரி அதில் இல்லை. வரைபடத்தில் அதன் புள்ளி தினமும் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிற புள்ளியை "உயிருடன்" என்று குறிக்கும் நிரலை எழுதியவள் நான்தான்.

தங்கிய விடுதியின் உரிமையாளர் என் முக்காலியைப் பார்த்து, "கல்யாண வீடியோவாம்மா?" என்றார். வாத்து என்றேன். அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் சொன்னது எனக்குப் புரிந்தது. ஜெர்மனியில் என் அறைத்தோழி விஜயவாடாக்காரி. "ஒரு வாத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாள்." "அங்கே வாத்து இல்லையாமா?" "இருக்குமாக இருக்கும். இது ஓடிப்போன வாத்து போல." நான்கு வருடத்தில் என் ஆய்வை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அன்றிரவு எண்ணெய்ப் பரோட்டா தின்றேன். எண்ணெயில் மூழ்கி எழுந்து, கடித்தால் நொறுங்கும் பரோட்டா. ஜெர்மனியில் என் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் இப்படி ஒன்றைக் கொடுத்தால், முதலில் அதற்கு ஓர் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். நான் நான்கு தின்றேன்.

முதல் நாள். காலை எட்டு மணிக்குக் கூமாப்பட்டியில் இருந்தேன். அதற்குள் இரண்டு பஸ் மாறி, ஒரு பஸ்ஸில் என் முக்காலி ஒரு பெரியவரின் வேட்டியில் மாட்டி, அவர் இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இருவருமே இறங்கவேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை. "வீடியோ எடுக்கவா வந்தீய?" என்று மட்டும் கேட்டார். கூமாப்பட்டிக்கு இப்போது எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள். கண்மாய்க் கரையில் எனக்கு முன்பே மூன்று இளைஞர்கள் கைப்பேசியைக் குச்சியில் மாட்டித் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள். அவர்களாவது தேடி வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வாத்து கண்மாயில் இல்லை. புள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டியது. சரி, காலை இரைக்குப் போயிருக்கிறது. காத்திருந்தேன். பத்தரைக்கு வ. புதுப்பட்டியில் ஒரு புள்ளி. என் அத்தியாயத்தில் இந்த இடத்துக்கு "இடைத்தங்கல்" என்று பெயர். பறவை தினமும் தவறாமல் இங்கே சற்று நேரம் இளைப்பாறுவதை விளக்க இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பதினொன்றரைக்குப் புள்ளி கூமாப்பட்டிக்கே வந்துவிட்டது. கேமராவைத் தயாராக்கினேன். வானத்தில் கொக்குகள் போயின. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்தது. புள்ளியோ எனக்குப் பின்னால், தெருவுக்குள், வீடுகளுக்கு நடுவே இருந்தது.

"மனிதக் குடியிருப்பைச் சகித்துக்கொள்கிறது," என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஆடு மேய்க்க வந்த ஒரு பெண்மணி வெகுநேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னார். வாத்தின் படத்தைக் காட்டினேன்.

"இதா? இது பங்குனியில இருக்காதே. இந்நேரம் கெளம்பிப் போயிருக்குமே."

"இது ஒண்ணு மட்டும் போகலம்மா. கழுத்துல வெள்ளைப் பட்டை இருக்கும்."

பேச்சியம்மாள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "பட்டை போட்டதா? அதைப் பால்கார மாரியப்பன்கிட்டல்லா கேக்கணும்." அவருடைய ஆடு ஒன்று வரப்பில் ஏறவே, "ஏட்டி, அங்கிட்டு எங்கடி போற?" என்று அதன் பின்னால் போய்விட்டார்.

"மாரியப்பன், பால் விற்பவர், விவரம் தெரிந்தவராக இருக்கலாம்," என்று குறித்து, அதை வேலைப் பட்டியலில் பதினெட்டாவது வரியாகச் சேர்த்தேன். பதினேழு வேலை முடிந்த பிறகு அவரைப் பார்க்கலாம் என்று திட்டம். பட்டியல் போடுகிறவர்களுக்கு உள்ள வியாதி இது: வரிசையில் வராத உண்மையை வரிசையில் நிற்கச் சொல்வோம்.

மூன்று மணிக்குப் புள்ளி மறுபடி கிளம்பியது. என் தலைக்கு மேல் எதுவும் பறக்கவில்லை.

இரண்டாம் நாள் திட்டத்தை மாற்றினேன். வாத்தைத் துரத்துவதற்குப் பதில், அது வரும் இடத்தில் போய் நிற்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் புள்ளி தினமும் ஒரே இடத்தில்தான் விழும். அதை நாங்கள் "நகர்ப்புற உணவிடம்" என்று எழுதியிருந்தோம். கோயில் குளமாகவோ, குப்பைமேடாகவோ இருக்கலாம் என்பது பேராசிரியரின் ஊகம். குளம் அங்கிருந்து தூரம். நான் போய் நின்றது ஒரு சந்து. சந்து முழுக்கப் பால் காயும் வாசனை. பால்கோவா கிண்டும் கூடத்தின் பின்வாசல் அது. உள்ளே விறகடுப்பில் அகன்ற சட்டிகள். ஆட்கள் நீளக் கரண்டியால் நிறுத்தாமல் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

நான் முக்காலியை விரித்து, லென்ஸை வானத்துக்குத் திருப்பினேன். கூடத்தை நடத்தும் அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"ஒரு வாத்து வரும்."

"இங்க பாலுதான் வரும்," என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் வந்தது. காலை ஆறு மணிக்குப் பழைய மொபெட் ஒன்று சந்துக்குள் திரும்பியது. இருபக்கமும் பால்கேன். ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கேனை இறக்கினார், அளந்து ஊற்றினார். என் கைப்பேசி அதிர்ந்தது: நாற்பத்தொன்று வந்துவிட்டது. நான் வானத்தைப் பார்த்தேன். ஓட்டின்மேல் ஒரு காக்கை. மறுபடி கைப்பேசியைப் பார்த்தேன். பிறகுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, மொபெட்டைப் பார்த்தேன்.

கைப்பிடியின் நடுவில், சாமி படம் மாட்டும் இடத்தில், வெள்ளைப் பட்டை ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. சூரியத் தகடு மேலே பார்த்தபடி. தூசி துடைத்து, பளபளவென்று. அதில் கறுப்பு எழுத்தில் 41.

 என் பட்டியலின் பதினெட்டாவது வரியான பால்கார மாரியப்பன் என் சட்டையில் இருந்த பல்கலைக்கழகச் சின்னத்தைப் பார்த்தார், பட்டையில் இருந்த சின்னத்தைப் பார்த்தார், கையிலிருந்த படியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டீயளா? ஒரு வருசமாச்சே தாயி. குழு வரும், குழு வரும்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

மொபெட்டின் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. போன வருடம் தை மாதம் அவர் அந்த வாத்தைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வயலில் பார்த்திருக்கிறார். மின்கம்பியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. பட்டையில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, வத்திராயிருப்பில் ஒரு கணினி மையத்தில் சொல்லிக் கடிதம் அனுப்பினார். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. அந்தப் பதில்தான் அந்தத் தாள்.

"கண்டெடுத்துத் தகவல் தந்தமைக்கு நன்றி. கருவியைச் சூரிய ஒளி படும் இடத்தில் வையுங்கள். எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்புகொள்ளும்." ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். நான் எழுதியது. முதலாம் ஆண்டில், ஒரு மதிய உணவு இடைவேளையில், தானாகப் போகும் பதிலாக அமைத்துவிட்டு, "முடிந்தது" என்று பட்டியலில் டிக் அடித்தேன். வரும் கடிதங்களைப் படிக்க ஒருவர் இருந்தார். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். கடிதங்கள் யாரும் படிக்காமல் அங்கேயே கிடந்தன.

"வெயில்ல வைக்கச் சொன்னீய. கூரையில வச்சேன். கொரங்கு தூக்கிட்டு மலைப்பக்கம் போயிருச்சு. மறுநா பூரா மரத்துக்கு மரம் அது பின்னாலயே அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன். பொறவுதான் வண்டியிலயே கட்டிட்டேன். வண்டிதான நாள் பூரா வெயில்ல நிக்குது?"

குரங்கு தூக்கிய அந்த ஒரு நாளை நான் மறக்கவில்லை. நாற்பத்தொன்று மலையடிவாரத்தில் தாறுமாறாக அலைந்த நாள். அத்தியாயத்தில் அதற்குத் தனித் தலைப்பு உண்டு: "இணை தேடும் நடத்தை."

என் அத்தியாயத்தின் விளக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இரண்டு வேளை இரை தேடல்: இரண்டு வேளைக் கறவை. இடைத்தங்கல்: டீக்கடை. ஆடி மாதத்தில் ஒரு நாள் மட்டும் பறவை ஊருக்கு வெளியே வெகுநேரம் தயங்கி நின்றது: ஆண்டாள் தேரோட்டம், ரோட்டை மறித்துவிட்டார்கள். அரை மணிக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவே நாங்கள் போட்டது நேர்கோடு. நேர்கோடு என்றால் பறத்தல். ரோடு வளைந்து போவதைப் பார்க்க எங்களிடம் புள்ளி இல்லை. மெதுவான வேகத்தை மட்டும் பேராசிரியர் ஒருமுறை கேட்டார். "ஆற்றலைச் சேமிக்கிறது," என்றேன். மாரியப்பனும் அதைத்தான் செய்கிறார். வேகமாகப் போனால் பெட்ரோல் குடிக்கும்.

"வாத்து என்னாச்சு?" என்று கேட்டேன்.

"பொதைச்சுட்டேன். வாங்க காட்டுதேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒரு எடத்துக்கு வரணும்."

முக்காலியைப் பால்கோவா அம்மாளிடம் விட்டுவிட்டு, காலிக் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, நாற்பத்தொன்றின் பாதையில் நானும் போனேன். பாதை நேர்கோடு அல்ல. ஒவ்வொரு பள்ளமும் என் இடுப்புக்குத் தெரிந்தது.

நிறுத்திய இடம் வ. புதுப்பட்டி டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர்.

"ஏலே, வாத்துக்கறி வாரான்லே," என்றது ஒரு குரல்.

"இன்னைக்கு ஆளோட வாரான். மிச்சம் இருந்தாப் போடு மாரியப்பா, விருந்தாளி வந்திருக்காக."

"ருசி எப்பிடி இருந்துச்சுன்னு ஒரு வருசமாச் சொல்ல மாட்டேங்கியே. வெளிநாட்டுக் கறில்லா!"

மாரியப்பன் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பறவையத் தின்னுட்டுப் பட்டையக் கட்டிக்கிட்டுத் திரியுதான்னு ஊரே சொல்லுது. வனத்துறை கேஸு வரும்னு பயமுறுத்துதாங்க. நான் கறியே தின்ன மாட்டேன் தாயி. சொன்னா எவன் நம்புதான்? நீங்க சொல்லுங்க."

நான் எத்தனையோ அரங்குகளில் இந்தப் பறவையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இவ்வளவு கவனமாகக் கேட்ட கூட்டம் இல்லை. வாத்து மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது, இவர் எங்களுக்கு எழுதினார், வெயிலில் வைக்கச் சொன்னது நாங்கள், ஆள் அனுப்பாததும் நாங்கள் என்று சொன்னேன்.

 டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அப்ப ஒரு வருசமா அந்தப் பெட்டி அங்க என்னத்தச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு?"

"வாத்து உயிரோட இருக்குன்னு."

"நீங்க நம்புனீகளா?"

"நம்பினோம்."

"எம்புட்டுப் பேரு?"

"பதினோரு பேர். ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கினவங்க."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மாரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சிரிப்பு அவரைப் பார்த்து இல்லை என்பதை, நம்ப முடியாதவர்போலச் சுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டீயோடு ஒரு வடையும் வந்தது. தோற்றவளுக்கு ஊர் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கூமாப்பட்டியில் வாத்தைப் புதைத்த இடத்தைக் காட்டினார். கரையோரம், ஒரு வேப்பமரத்தடி. நாய் தோண்டாமலிருக்கக் கல் வைத்திருந்தார். மேலே, கொஞ்ச தூரத்தில், அந்த மின்கம்பி. இமயமலையைத் தாண்டிய பறவை அதைத் தாண்டவில்லை. கம்பியில் எத்தனை பறவைகள் அடிபடுகின்றன என்று பார்ப்பதற்குத்தான் நாங்கள் முதலில் இந்தப் பட்டைகளை மாட்ட அனுமதி வாங்கினோம். கம்பியைப் பற்றி என் அத்தியாயத்தில் ஒரு வரிகூட இல்லை. வண்டியைப் பற்றி நாற்பது பக்கம் இருந்தது.

கல்லையும் கம்பியையும் சேர்த்துப் படமெடுத்தேன். நான் எடுக்க வந்த படம் அதுதான் போலும்.

"இன்னும் வெயில்ல வைக்கணும்னாலும் வைக்கேன் தாயி," என்றார் மாரியப்பன். "கேஸு இல்லன்னு ஆயிருச்சு. இனி எனக்கு ஒண்ணும் பாரமில்ல. இந்தப் பங்குனி முடியுற மட்டும் வேணும்னாக்கூட ஓட்டுதேன்."

அவர் மரியாதைக்காகச் சொன்னார். எனக்கு அது பெரிய கதவாகத் திறந்தது. மனம் தானாகப் பட்டியல் போட ஆரம்பித்தது. ஒன்று, பறவையைக் காணவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம், காணாதது குற்றமில்லை. இரண்டு, இரண்டு மாதத்தில் ஏட்டைச் சமர்ப்பித்துவிடலாம். மூன்று, இங்கே யாரும் எங்கள் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. அங்கே யாரும் இந்த டீக்கடைக்கு வரப்போவதில்லை. நான்காவது வரிக்கு வந்தபோது மாரியப்பன் தன் துண்டால் தகட்டின்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகத் தினமும் துடைத்த கை.

"கழட்டிருங்கண்ணே," என்றேன்.

அவர் முடிச்சை அவிழ்த்தார். ஒரு கோரிக்கை வைத்தார்: எழுத்தில் வேண்டும், சீல் போட்டு. என்னிடம் சீல் இல்லை. குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, "இந்த வாத்தைத் திரு. மாரியப்பன் தின்னவில்லை, ஓராண்டுக் காலம் எங்கள் கருவியைப் பொறுப்புடன் பராமரித்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கேமராப் பெட்டியில் ஒட்டியிருந்த பல்கலைக்கழக ஸ்டிக்கரை உரித்துக் கீழே ஒட்டினேன். இந்த ஆய்வில் நான் எழுதியவற்றில் முழுக்க உண்மையான பக்கம் அது ஒன்றுதான்.

மாலையில் விடுதிக்கு வந்து பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பறவை இறந்து ஓராண்டுக்கு மேலாகிறது. தரவு ஒரு பால்காரருடையது. தவறு என் நிரலிலும் என் தானியங்கிப் பதிலிலும் இருக்கிறது. கட்டுரையையும் மூன்றாம் அத்தியாயத்தையும் திரும்பப் பெறுகிறேன். கல்லும் கம்பியும் உள்ள படத்தை இணைத்தேன். அனுப்பியபின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன்; பதினெட்டில் ஒன்றே ஒன்று முடிந்திருந்தது, கடைசி வரி.

மூன்றாம் நாள் மதியம் வரை பதில் இல்லை. பால்கோவா கூடத்துக்குப் போய் முக்காலியை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாள் சட்டியிலிருந்து சூடாக அரைக் கிலோ கட்டிக் கொடுத்தார். "ஒரு வருசமா உங்க வாத்து கொண்டாந்த பாலுதான்," என்றார் முகத்தை மாற்றாமல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏறினேன். ஜன்னலோர இருக்கை. பை முழுக்கப் பால்கோவா இருந்ததால் பட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல வெயில், தகட்டில் நேராக விழுந்தது. டி. கல்லுப்பட்டி தாண்டியதும் கைப்பேசி அடித்தது. பேராசிரியர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வரைபடத்தைப் பார்த்தாயா?"

"என் மின்னஞ்சலைப் பார்த்தீர்களா?"

"நீளமாக இருந்தது, அப்புறம் படிக்கிறேன். நாற்பத்தொன்று கிளம்பிவிட்டது! வடக்கே! இந்த வேகத்தில் அது பறந்து நான் பார்த்ததே இல்லை. வலசையை மீட்டெடுத்த முதல் வாத்து! மூன்றாம் அத்தியாயத்தின் முடிவை மாற்றிவிடு, இது இன்னும் பெரிய விஷயம். நீ அருகில்தானே இருக்கிறாய்? பார்க்க முடிகிறதா?"

"முடிகிறது," என்றேன். "மிக அருகில்."

"எதுவரை போகும் என்று நினைக்கிறாய்?"

"மதுரைவரை," என்றேன். "டிக்கெட் வாங்கியாயிற்று."